சுவருக்குள் தண்ணீர்

டர்பன்
8 மார்ச் 1998

அன்புள்ள நொமகுகு அக்காவுக்கு,

இங்கே நானும் ஃபலாக்கேயும் நன்றாக இருக்கிறோம். அவருக்குத் துறைமுகத்தில் பகல் வேலை கிடைத்துவிட்டது. நீயும் கெரெங் அத்தானும் சுகந்தானே? கிம்பர்லி வெயில் குறைந்ததா? பள்ளி விடுதிப் பிள்ளைகளுக்குக் கஞ்சி கிண்டிக் கிண்டி உன் தோள்பட்டை வலிப்பதாக எழுதியிருந்தாயே, இப்போது எப்படி?

எனக்கு ஒரு சுவர் கிடைத்திருக்கிறது. சிரிக்காதே. மேவில் பக்கம் மலையை வெட்டிச் சாலை போட்டிருக்கிறார்கள். வெட்டின மண் கீழே உள்ள வீடுகள் மேல் சரியாமல் இருக்கத் தடுப்புச் சுவர் கட்டுகிறார்கள். பூசி மெழுகின சுவர் இல்லை. தொட்டி மாதிரிக் குழிவான சிமென்ட் கட்டிகளை, வரிசைக்கு வரிசை கொஞ்சம் மலைப்பக்கம் தள்ளி, படி போல அடுக்கிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு குழியிலும் மண் போட்டுச் செடி நடவேண்டும். செடி வளர்ந்துவிட்டால் சுவர் இருப்பதே தெரியாது. அந்தச் செடிகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் போடும் வேலை எங்கள் குழுவுக்கு. முதலாளி கவுண்டன் என்னைக் கூப்பிட்டு, "ஸிபு, இந்தச் சுவர் உன்னோடது. செடி வாடினா உன்னைத்தான் கேப்பேன், வானத்தைக் கேக்கமாட்டேன்" என்றார். முதல் தடவையாக நான்தான் குழுவுக்குத் தலைவி.

அதனால் ஈஸ்டருக்கு வர முடியாது அக்கா. அவ்வளவு தூரம் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வருவதும் இப்போது சரிப்படாது. கோபித்துக்கொள்ளாதே.

மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன். ஒன்றுமில்லை, ஏதோ தப்பாக எழுதிவிட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தங்கை
ஸிபுயிலே

*

கிம்பர்லி
24 மார்ச் 1998

அன்புத் தங்கை ஸிபுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். தோள்பட்டை இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது, வலியும் அதை விட்டுப் போகவில்லை. அத்தான் தண்டவாளம் பார்க்கப் போய்விட்டு, சிவப்புப் புழுதியோடு வந்து என் வெள்ளை விரிப்பில் உட்காருகிறார்.

போன வருஷமும் ஈஸ்டருக்கு வரவில்லை. அதற்கு முந்தின வருஷமும் இல்லை. ஒரு சிமென்ட் சுவர் உனக்கு அக்காவைவிடப் பெரிதாகப் போய்விட்டதா? உனக்காக ஒரு ஆடே சொல்லி வைத்திருந்தேன். அந்த ஆடாவது என்னை மதித்து இங்கேயே இருக்கிறது.

இவ்வளவும் காலையில் எழுதியது. மத்தியானம் உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். நீ வராதே. ஈஸ்டருக்கும் வேண்டாம், அதற்குப் பிறகும் நானாகச் சொல்லும் வரை வேண்டாம். அந்த பஸ் உடம்பை உலுக்கி எடுத்துவிடும்.

நீ அடித்த வரியை நான் படிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கவும் இல்லை. ஆனால் யாருக்காவது ஈரமண் வாசனை வந்து, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்ளத் தோன்றினால், வேலையிடத்து மண்ணைத் தொடக்கூடாது. அதில் உரமும் மருந்தும் கலந்திருக்கும். சந்தையில் பெண்கள் சுட்டு விற்கும் வெள்ளைக் களிமண் இருக்கிறது. அதுவும் நகக்கண் அளவு போதும்.

நன்றாகச் சாப்பிடு. ஃபலாக்கேயையும் சாப்பிடச் சொல்.

அன்புடன்
அக்கா

*

டர்பன்
26 ஏப்ரல் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து பல நாள் ஆயிற்று. உடம்பு நன்றாக இருக்கிறது. ஆட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஃபலாக்கே சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

சுவர் பாதி உயரத்துக்கு வந்துவிட்டது. சூரியன் சாய்ந்து போகிற வடக்குப் பக்கம் பார்த்த சுவர், காலையிலிருந்து மாலை வரை வெயில் அதன் முகத்திலேயேதான். கட்டி சூடாகி உள்ளே இருக்கிற மண்ணையும் வேகவைத்துவிடும். அதனால் வரிசைக்கு ஒரு கருப்புக் குழாய் ஓடவிட்டு, குழிக்கு ஒரு சொட்டுமுனை வைக்கிறோம். தடித்த இலையில் தண்ணீர் சேர்த்து வைக்கும் ஸ்பெக்பூம் மேலே, நீலப்பூக் கொடி நடுவிலே. முதலில் எல்லாம் தப்பாகப் போயிற்று. மேல் வரிசை காய்ந்தது, கீழ் வரிசை மூழ்கியது. வால்வை மூடினாலும் குழாயில் தங்கிய தண்ணீரெல்லாம் இறங்கி வந்து கீழே உள்ள செடிகளின் காலைக் கழுவிக்கொண்டே இருந்தது. சுவரை மூன்று பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு வால்வு வைத்த பிறகு அடங்கியது.

நான் இப்போது மேலே ஏறுவதில்லை. தலைவி ஆனவள் கீழே நின்றுதான் வேலை வாங்கவேண்டும். வெலாபி என்று ஒருவன், என் குழுவில் நாக்கு நீளமானவன். "என்ன மேடம், பூமியோட கல்யாணம் ஆயிடுச்சா? காலே மேல வரமாட்டேங்குதே?" என்று கேட்கிறான். "உன் வேலை கீழயிருந்து பாத்தாலே கோணலாத் தெரியுது, மேல வேற வரணுமா?" என்றேன்.

ஒன்று கேட்கவேண்டும். என்னோடு வேலை செய்கிற நோம்பூசோ என்ற பெண்ணுக்கு மாலையானால் கால் வீங்குகிறது. காலையில் எதைச் சாப்பிட்டாலும் தங்கவில்லை. அவளுக்கு அக்கா யாரும் பக்கத்தில் இல்லை. என்ன செய்யலாம் என்று எழுது, சொல்லிவிடுகிறேன்.

உன் ஸிபு

*

கிம்பர்லி
14 மே 1998

அன்புத் தங்கைக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நாங்கள் நலம், நீங்களும் அப்படியே இருக்கவேண்டும்.

நோம்பூசோவை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நல்ல பெண்ணாகத் தெரிகிறது. எழுந்தவுடன் எதையும் குடிக்கவேண்டாம், முதலில் காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்றை மெல்லச் சொல். புளித்த சோளக் கஞ்சியை மத்தியானம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். மாலையில் சுவரில் காலை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல், சுவர்தான் உங்களிடம் நிறைய இருக்கிறதே. உப்பைக் குறைக்கவேண்டும். மாதம் ஒரு தடவை கிளினிக்கில் இரத்த அழுத்தம் பார்க்கவேண்டும், அவளுக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும் என்று எனக்கு ஏனோ தோன்றுகிறது. ஏணி கூடாது. மண்வெட்டி கூடாது. அவள் புருஷனுக்குத் துணி துவைக்கத் தெரியுமா? தெரியாவிட்டால் இப்போது கற்றுக்கொள்ளட்டும்.

அவளுக்கென்று ஒரு கம்பளிச் சால்வை பின்னுகிறேன். பெரியவர்களுக்கான அளவுதான். வேறு அளவில் எதுவும் பின்னவில்லை, நீ பயப்படவேண்டாம்.

அத்தானிடம் நோம்பூசோவைப் பற்றிச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா

*

டர்பன்
5 ஜூலை 1998

அன்புள்ள அக்காவுக்கு,

சால்வை வந்தது. நோம்பூசோ அதைக் கழுத்திலிருந்து எடுப்பதே இல்லை. நாங்கள் நலமே. அங்கே உறைபனி விழுந்ததாக ரேடியோவில் சொன்னார்கள், பார்த்து இருங்கள்.

சுவர் முடிந்து செடிகளும் பிடித்துவிட்டன. கவுண்டன் வந்து பார்த்து, என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சுவருக்கு நேர் கீழே திருமதி மபாசோ என்று ஒரு அம்மா. வீட்டு முன்னறையிலேயே தலை பின்னிவிடும் கடை வைத்திருக்கிறார். போன வாரம் நேராக என்னிடம் வந்தார். "ஏம்மா, வெயில் காலம் போயி மழையே இல்ல. ஊரெல்லாம் காஞ்சு கெடக்கு. எங்க பின்வாசல் மட்டும் ஏன் சேறாக் கெடக்கு? தலை பின்ன வர்ற பொண்ணுங்க செருப்பைக் கையில தூக்கிட்டு வருதுங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். சுவரின் அடியில் ஈரம். அதற்கு மேலே ஒரே ஒரு இடத்தில் செடிகள் மற்றதைவிடக் கரும்பச்சையாக, உயரமாக நிற்கின்றன. எனக்கு அந்தப் பச்சையைப் பார்க்கப் பிடிக்கவில்லை அக்கா.

கவுண்டனிடம் சொன்னேன். "மலைன்னா ஊத்து இருக்கத்தான் செய்யும் ஸிபு. நல்ல வேலை பண்ணியிருக்கே, போய் ரெஸ்ட் எடு" என்றார். ஊற்றாகவும் இருக்கலாம். ஆனால் அந்த அம்மாவின் பின்வாசலில்தான் துணி காயப்போடும் கொடி இருக்கிறது. அவர் பேத்திகள் அங்கேதான் விளையாடுகிறார்கள். சுவருக்குப் பின்னால் எவ்வளவு மண் நிற்கிறது என்று எனக்குத் தெரியும்.

எனக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை. நோம்பூசோவுக்கும்தான். அவளுக்குள் அசைவு தெரிகிறதாம். சொல்லச் சொன்னாள்.

ஸிபு

*

கிம்பர்லி
20 ஜூலை 1998

ஸிபு,

நலம் விசாரிக்க நேரமில்லை, இதை இன்றே தபாலில் போடவேண்டும்.

உன் கடிதத்தை அத்தானிடம் படித்துக் காட்டினேன், கடைசி வரிகளை மட்டும் விட்டுவிட்டு. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். "தண்டவாளத்துக்குக் கீழ இருக்கிற மேடு எப்பவும் ரயில் வெயிட்டால இறங்காது. உள்ள தண்ணி நின்னா இறங்கும். முதல்ல தண்ணிய நிறுத்தச் சொல்லு. நிறுத்தினா ஈரம் காயுதா பாக்கச் சொல்லு. காஞ்சா அது ஊத்து இல்ல, அவங்க குழாய்தான்" என்றார். மழைக்காலம் தொடங்குவதற்குள் பார்த்துவிடவேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

உன் முதலாளி ஓய்வு எடுக்கச் சொன்னாரே, அதை எடு. ஆனால் வால்வை மூடிவிட்டு எடு.

நோம்பூசோவின் அசைவு பற்றிப் படித்துவிட்டு நான் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். வெங்காயம் நறுக்கினேன். அவ்வளவுதான்.

அக்கா

*

டர்பன்
16 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

அத்தானை நான் கட்டிப் பிடித்ததாகச் சொல். நாங்கள் நலமாக இருக்கிறோம், நிம்மதியாகவும் இருக்கிறோம்.

நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன், ஆனால் வால்வை மூடத் தயங்கினேன். செடி வாடினால் என்னைத்தானே கேட்பார். உன் கடிதம் வந்த அன்றே மூடினேன். ஒரு வாரத்தில் திருமதி மபாசோவின் பின்வாசல் காய்ந்து வெடிப்பு விட்டது. கவுண்டனை அழைத்து வந்து அந்த வெடிப்பைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். "என்ன வேணும் சொல்லு" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாதாடவில்லை. நல்ல மனிதர்.

கரும்பச்சையாக நின்ற இடத்தில் யாராவது ஏறிக் கட்டிகளை எடுத்துத் தோண்டவேண்டும். வெலாபி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "நீங்க போட்ட குழாய். நீங்க ஏறுங்க. நாங்க கீழ நின்னு வேலை வாங்கறோம்." மற்றவர்கள் சிரித்தார்கள்.

அப்போது நோம்பூசோ எல்லோருக்கும் முன்னால் தன் சால்வையை விலக்கிக் காட்டினாள்.

வெலாபியின் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். தொப்பியைக் கழற்றிவிட்டான். "அம்மா, எதுக்கு இவ்வளவு நாளா... நான் பாட்டுக்கு என்னென்னமோ பேசிட்டேனே" என்று உளறிவிட்டு, குரங்கு மாதிரி ஏறினான். இப்போது அவளுக்குத் தண்ணீர்ப் பாட்டிலைக்கூடத் தூக்க விடுவதில்லை. கவிழ்த்த வாளி ஒன்றைப் போட்டு, "உக்காருங்க, இங்கேயிருந்து திட்டுங்க" என்கிறான்.

எல்லா வரிசைக்கும் தண்ணீர் கொண்டுபோகச் சுவருக்குப் பின்னால் புதைத்திருந்த பெரிய குழாயில், மண்ணை இடித்து இறுக்கியபோது ஒரு இணைப்பு விலகியிருக்கிறது. மாதக் கணக்காக உள்ளுக்குள்ளேயே கசிந்திருக்கிறது. பின்பக்கம் ஓடிய குழாய் முழுவதையும் எடுத்துவிட்டு, சுவரின் முகத்திலேயே, செடிகளின் அடியில் மறைவாக ஓடவிட்டோம். இனி எங்கே கசிந்தாலும் வெளியே கண்ணுக்குத் தெரியும். நனைந்த மண்ணை அள்ளிவிட்டு ஜல்லி நிரப்பினார்கள். அது முழுதும் காய இன்னும் வெயில் வேண்டும். அதற்குள் பெரிய மழை வராமல் இருக்கவேண்டும்.

கிளினிக்கில் நோம்பூசோவின் இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல் என்றார்களாம். பெரிதாக ஒன்றுமில்லை.

உன் ஸிபு

*

கிம்பர்லி
28 செப்டம்பர் 1998

என் ஸிபுவுக்கு,

நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. டர்பனில் விடாமல் மழை, மலைச்சரிவில் மண் இறங்குகிறது என்று ரேடியோவில் சொல்கிறார்கள். விடுதித் தொலைபேசியிலிருந்து உங்கள் கம்பெனிக்குப் பேசினேன். எடுத்த பெண், "அவங்க வேலைக்கு வர்றதில்லையே" என்று சொல்லும்போதே இணைப்பு அறுந்துவிட்டது. பிறகு மணி அடிக்கவே இல்லை. மழையில் கம்பி போயிருக்கும் என்கிறார்கள்.

இனி என்னால் நோம்பூசோ என்று எழுத முடியாது. நீ ஏன் சொல்லாமல் இருந்தாய் என்று எனக்குத் தெரியும். இதற்கு முன் இரண்டு தடவை, உண்டானதும் முதலில் எனக்குத்தான் எழுதினாய். இரண்டு தடவையும் அடுத்த கடிதம் ஃபலாக்கேயின் கையெழுத்தில் வந்தது. ஆறுதல் சொல்ல வந்த பெண்களெல்லாம் உன்னை எவ்வளவு அழவைத்தார்கள் என்பதும் தெரியும். அதனால்தான் நானும் கேட்கவில்லை. தெரியாதவள் போலவே ரொட்டித் துண்டும் கஞ்சியும் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு வரி போதும். எந்த வரியாக இருந்தாலும் சரி, உன் கையால் எழுதி அனுப்பு.

அக்கா

*

டர்பன்
4 அக்டோபர் 1998

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

ஃபலாக்கே எழுதுகிறேன். முதலில் இது: ஸிபுயிலே நன்றாக இருக்கிறாள். குழந்தை பிறந்திருக்கிறது. பெண். உயிரோடு, உரக்க அழுதுகொண்டு இருக்கிறது. என் கையெழுத்தைப் பார்த்தால் நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்று ஸிபு சொன்னாள். அதனால் உறையின் பின்புறம் "பயப்படாமல் திறக்கவும்" என்று பெரிதாக எழுதியிருக்கிறேன்.

மற்றதை இப்போது சொல்கிறேன். செப்டம்பர் தொடக்கத்தில் இரத்த அழுத்தம் ஏறிவிட்டது. மருத்துவமனையில் படுக்கவைத்துவிட்டார்கள். உங்களுக்கு எழுதட்டுமா என்று தினமும் கேட்டேன். "எழுத ஏதாவது வரட்டும். அதுக்கு முன்னாடி ஒரு எழுத்தும் போடாதீங்க" என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். உங்கள் கடிதங்கள் என் சட்டைப் பையிலேயே இருந்தன. என்னை மன்னியுங்கள்.

மழை வந்தபோது அவளுக்குக் குழந்தையைப் பற்றி ஒரு கவலை, சுவரைப் பற்றி ஒரு கவலை. இரண்டுமே அவள் கையில் இல்லை. நர்ஸ்கள் அழுத்தம் பார்க்க வரும்போதெல்லாம், "மேவில்ல மண்ணு இறங்கிச்சா?" என்று கேட்பாள். அவர்கள் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்கள்.

மழை விட்ட மறுநாள் திருமதி மபாசோ சீப்பும் எண்ணெயுமாக வார்டுக்கு வந்துவிட்டார். வரும்போதே சத்தம். "அடியே, உன் சுவர் ஒரு விரக்கடை அசையல! வெலாபியும் அந்தப் பசங்களும் மழையில வந்து எங்களையெல்லாம் சர்ச்சுல கொண்டுபோய் விட்டாங்க. நான் மட்டும் திரும்பி வந்து குடைய வெச்சுக்கிட்டு எதிர்ப்பக்கம் நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். தண்ணி முன்பக்கமா ஓடி வாய்க்கால்ல விழுந்துது. பக்கத்துல ஒரு பழைய கல்லுச்சுவர் விழுந்துது, உன்னது நிக்குது." பிறகு ஸிபுவை உட்காரவைத்துத் தலை முழுக்கப் பின்னிவிட்டார். பின்னி முடிக்கும்போது ஸிபு தூங்கியிருந்தாள். அன்று மாலை அழுத்தம் இறங்கியது. வெள்ளிக்கிழமை காலை குழந்தை வந்தது, ஒரு மாதம் முன்னதாக. சின்னதுதான். ஆனால் பாலுக்கு அவசரப்படுகிறது.

துலிசிலே என்று பெயர் வைத்திருக்கிறோம். எங்கள் கலக்கத்தை அமைதிப்படுத்தியவள். பெயருக்கும் குரலுக்கும் சம்பந்தமே இல்லை.

கீழே ஸிபு ஒரு வரி எழுதவேண்டும் என்கிறாள்.

பணிவுடன்
ஃபலாக்கே

அக்கா, என் கையால்: நான் அம்மா ஆகிவிட்டேன். – ஸிபு

*

கிம்பர்லி
13 அக்டோபர் 1998

என் ஸிபுவுக்கும், ஃபலாக்கேக்கும், துலிசிலேக்கும்,

மூன்று பெயர் எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து, மறுபடியும் எடுத்தேன்.

ஃபலாக்கே, உன்னிடம் முதலில் ஒரு கேள்வி. "பயப்படாமல் திறக்கவும்" என்பதை உறையின் பின்புறம் எழுதினால் முன்புறம் பார்க்கிறவள் என்ன செய்வாள்? விடுதி வாசலில் தபால்காரர் நீட்டியதும் உன் கையெழுத்துத்தான் கண்ணில் பட்டது. அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மாவு டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். காலைச் சமையலை முடித்தேன். மத்தியானச் சமையலையும் முடித்தேன். என்னிடம் யார் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், எதுவும் நினைவில்லை.

சாயங்காலம் அத்தான் வந்து, "என்ன, இன்னிக்கு ரொட்டி உப்பாக் கெடக்கு?" என்றார். அந்த டப்பாவைக் காட்டினேன். அவர்தான் உறையை எடுத்து மாவைத் தட்டினார், திருப்பினார். பிறகு, "நொமகுகு, இங்க ஏதோ எழுதியிருக்கான். வந்து படி" என்றார். நான் முடியாது என்றேன். அவரே படித்தார். அவர் குரல் நடுவில் உடைந்ததும் நான் எல்லாம் போயிற்று என்று நினைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "இல்ல, இல்ல, நில்லு! பொண்ணு பொறந்திருக்கு! உயிரோட இருக்கு!" என்று கத்தினார். நான் போட்ட சத்தத்தில் சாப்பாட்டு அறையில் இருந்த பிள்ளைகள் தீப்பிடித்துவிட்டது என்று தட்டோடு வாசலுக்கு ஓடிவிட்டார்கள். அவர்களைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து விஷயத்தைச் சொன்னதும், கஞ்சியே வேண்டாம் என்று ஆட ஆரம்பித்துவிட்டார்கள். யாரென்றே தெரியாத துலிசிலேக்காக!

இன்று காலை தலைமையாசிரியையிடம் விடுப்புக் கேட்டேன். "நீங்க லீவு கேட்டு நான் பாத்ததே இல்லையே. யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார். "எல்லாருக்கும் உடம்பு நல்லா இருக்கு, அதுக்குத்தான் லீவு" என்றேன். ஒரு மாதம் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். அது என்னை எவ்வளவு குலுக்கினாலும் சரி. அத்தான் சுவரைப் பார்க்கவேண்டும் என்று கிளம்பியிருக்கிறார். பார்க்கட்டும், நான் வீட்டை விட்டு நகரமாட்டேன். ஃபலாக்கே துவைத்த துணிகளை நானே மறுபடியும் துவைக்கப்போகிறேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். குழந்தையை முதல் வாரம் யாரும் என் கையிலிருந்து வாங்கக்கூடாது, பால் கொடுக்கிறவளைத் தவிர.

தபால் முந்துமோ, நான் முந்துவேனோ தெரியாது. இது வருவதற்குள் நான் உன் வாசலில் நின்றால், இதைப் பிரிக்கவேண்டாம். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நானே படித்துக் காட்டுகிறேன்.

அக்கா